கையொப்பமும் கோப்பும்: விமானப் பராமரிப்புக் குழுவினரும் நிருவாக நடைமுறையும் (சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

இந்திய வான்படையின் விமானப் பராமரிப்புக் குழுவினர் நிருவாக நடைமுறையை எதிர்கொண்ட விதத்தை, 1932 முதல் இன்றுவரையிலான சில நிகழ்வுகளின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. பராமரிப்புப் பணியில் புழங்கும் தாள்கள் பொறுப்பைக் குறிப்பவை, அனுமதியைக் குறிப்பவை என இருவகைப்படும். தொழில்நுட்பர்கள் எதிர்த்தது பெரும்பாலும் இரண்டாம் வகையையே என்பது இதன் கருத்து. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலம் இடம்பெற்றுள்ள இக்காலத்தில் இவ்வேறுபாடு அவ்வட்டாரப் பட்டறைகளுக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதும் நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வான்படை, பராமரிப்பு, படிவம் 700, அதிகாரத்துவம், சூலூர், சேலம், சிறுதொழில் பட்டறை.

முன்னுரை

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட சமவெளியில் போர் விமானங்களின் பெருந்தளம் இல்லை. தமிழ்நாட்டின் வான்படைத் தளங்களான சூலூர், தஞ்சாவூர், தாம்பரம் ஆகியவையும், கடற்படையின் அரக்கோணமும் இச்சமவெளிக்கு வெளியே உள்ளன. ஓமலூர் அருகே கமலாபுரத்தில் 1993-இல் திறக்கப்பட்ட நிலையம் குடிமக்கள் பயணத்திற்கானது. ஆயினும் விமானப் பராமரிப்பின் வரலாற்றில் இவ்வட்டாரத்திற்கு இடமில்லை என்று கொள்வது பிழையாகும். 1965-இல் தருமபுரி தனி மாவட்டமாகும்வரை பழைய சேலம் மாவட்டத்தின் எல்லை ஓசூர் வரை நீண்டிருந்தது. இந்தியாவின் முதல் விமானத் தொழிற்சாலை எழுந்த பெங்களூர் அவ்வெல்லைக்கு அப்பால் சில மணிநேரப் பயணத்தில் இருந்தது. மேற்கே, சூலூரில் வான்படையின் 5ஆம் அடித்தளப் பழுதுபார்ப்பு நிலையம் இயங்குகிறது. வடக்கிலும் மேற்கிலும் விமானம் பழுதுபார்க்கப்படும் இரு மையங்களுக்கு நடுவே அமைந்த நிலம் இது.

தமிழில் எழுதப்பட்ட படைத்துறை வரலாறுகள் விமானியையும் போரையும் மையமாகக் கொண்டவை. தொழிலாளர் வரலாறோ பஞ்சாலையையும் பொன்மலை ரயில்வே பணிமனையையும் விரிவாகப் பேசியது. விமானக் கொட்டகைக்குள் நுழையவில்லை. படைவீரர் என்பதால் தொழிலாளர் வரலாற்றிலிருந்தும், போரிடாதவர் என்பதால் படை வரலாற்றிலிருந்தும் பராமரிப்புப் பணியாளர் விடுபட்டுப் போனார். அவர் நாள்தோறும் கையாண்ட பொருள்களில் திருகுச்சாவிக்கு நிகரானது எழுதுகோல். அவ்வெழுதுகோலின் வரலாற்றை எழுதாமல் அவர் வரலாற்றை எழுத இயலாது.

நவீன அலுவலகம் எழுத்துவழி ஆவணங்களின் மேல் நிற்பது என்று மாக்ஸ் வேபர் விளக்கினார். மறுபுறம், ‘சிவப்பு நாடா’ என்னும் தொடர் தாமதத்திற்கு மறுபெயராயிற்று. விமானக் கொட்டகையில் இவ்விரு பார்வைகளும் போதா. அங்கே ஒரு தாள் உயிரைக் காக்கிறது. அடுத்த தாள் விமானத்தை மாதக்கணக்கில் தரையில் நிறுத்துகிறது. இரண்டும் ஒரே மேசையில் கிடக்கின்றன.

படிவம் 700

பிரித்தானிய அரச வான்படையிலிருந்து இந்திய வான்படை பெற்ற மரபுகளுள் நீடித்து நிற்பது ‘படிவம் 700’. ஒவ்வொரு விமானத்திற்கும் இப்படிவத்தொகுப்பு ஒன்று உண்டு. பறப்பதற்கு முன்னும் பின்னும் உடற்பகுதி, இயந்திரம், மின்னமைப்பு, கருவிகள், ஆயுதங்கள் எனத் தொழிற்பிரிவு வாரியாகச் சோதனை நடக்கும். சோதித்தவர் தம் பகுதிக்கு நேரே கையொப்பமிடுவார். எல்லாப் பகுதிகளும் நிறைந்தபின் விமானி அதனைப் படித்து, தானும் ஒப்பமிட்டு, விமானத்தைப் பெற்றுக்கொள்வார். தரையிறங்கியதும் தாம் கண்ட கோளாறுகளை அவர் அதில் எழுதுவார். வான்படைப் பேச்சில் இவை ‘ஸ்னாக்’ எனப்படும். எழுதப்பட்ட ஸ்னாக், சரிசெய்யப்பட்டு ஒப்பமிடப்படும்வரை திறந்தே இருக்கும். சரிசெய்யாமல் பறக்கலாம் என்று ஒத்திவைக்கத்தக்க கோளாறுகளுக்கும் தனிப் பட்டியல் உண்டு. ஒத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் அதில் வரையறுக்கப்பட்டிருக்கும். அமெரிக்க வான்படையின் ஆவணமுறையில் சிவப்புப் பெருக்கல் குறி இதே வேலையைச் செய்கிறது. அக்குறி நீங்கும்வரை எந்தப் பதவியினரும் அவ்விமானத்தை எடுத்துச்செல்ல முடியாது.

இதன் தனித்தன்மை நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளோடு ஒப்பிடும்போது தெளிவாகும். பட்டறையில் பிரேக் பூட்டியவரின் சொல்லே உறுதி. எந்தத் திருகாணியை யார் முறுக்கினார் என்று எவரும் எழுதிவைப்பதில்லை. வண்டிக்கு எஃப்.சி. எடுக்கும் நாளில்தான் தாள் தலைகாட்டும். அது முடிந்ததும் மறையும். அப்பட்டறைகள் திறமையில் குறைந்தவை அல்ல. நாடெங்கும் ஓடும் லாரிகளும், திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணறு வண்டிகளும் அதற்குச் சான்று. அங்கு நம்பிக்கை ஆளைச் சார்ந்தது. விமானக் கொட்டகையில் அது ஆவணத்தைச் சார்ந்தது. கையொப்பமில்லாத திருகாணி முறுக்கப்படாத திருகாணியே. லாரி சாலையோரம் நின்றுவிடலாம். விமானத்திற்குச் சாலையோரம் இல்லை.

இவ்வகைத் தாளை இங்குப் பொறுப்புத்தாள் எனலாம். செய்தவரே எழுதுவதும், எழுதியவரே பொறுப்பேற்பதும் அதன் இயல்பு. ஒரு கார்ப்போரல் ஒப்பமிட மறுத்தால் விங் கமாண்டரும் பறக்க இயலாது. படிநிலை இறுக்கமான ஓர் அமைப்பில், கீழ்நிலைத் தொழில்நுட்பருக்குக் கிடைத்த அரிய அதிகாரம் இது.

ஆகாயச் சிப்பாய்கள்

இந்த அதிகாரம் இந்தியர்களுக்கு எளிதில் வந்துசேரவில்லை. இந்திய வான்படைச் சட்டம் 1932 அக்டோபர் 8-இல் நடைமுறைக்கு வந்தது. 1933 ஏப்ரல் 1-இல் கராச்சியின் டிரிக் ரோடு தளத்தில் முதல் படையணி தொடங்கப்பட்டபோது அதில் நான்கு வாப்பிட்டி விமானங்களே இருந்தன. அவற்றைப் பேண வந்த இந்தியர்கள் ‘ஹவாய் சிப்பாய்’, அதாவது ஆகாயச் சிப்பாய் என்று அழைக்கப்பட்டனர். இந்தியர் விமானத்தை ஓட்டக்கூடும், ஆனால் பேண இயலாது என்னும் ஐயம் ஆங்கிலேய அதிகாரிகள் பலரிடம் இருந்தது. விமானம் பறக்கத் தகுதியானது என்று சான்றளிப்பது தீர்ப்பு வழங்கும் செயல். அத்தீர்ப்பை ஆளப்படுபவரின் கையில் கொடுப்பதில் தயக்கம் இருந்ததில் வியப்பில்லை.

லாகூரில் பொறியியல் பயின்று ஆகாயச் சிப்பாயாகச் சேர்ந்த ஹர்ஜிந்தர் சிங் இத்தலைமுறையின் முதன்மைச் சான்று. அவருடைய நாட்குறிப்புகளை அடிப்படையாகக் கொண்ட ‘பெர்த் ஆஃப் அன் ஏர் ஃபோர்ஸ்’ என்னும் நூல் 1977-இல் வெளியாயிற்று. 1942 பிப்ரவரியில் முதல் படையணி, கே.கே. மஜும்தார் தலைமையில் பர்மாவின் டவுங்கூ தளத்திற்குச் சென்றது. அதன் லைசாண்டர்கள் தரைப்படைக்கு உதவவும் உளவறியவும் வடிவமைக்கப்பட்டவை. குண்டுவீச்சுக்கு உரியவை அல்ல. ஆயினும் அவற்றில் 250 பவுண்டு குண்டுகள் பொருத்தப்பட்டு, தாய்லாந்தின் மே ஹாங் சான் தளத்தில் வீசப்பட்டன. மேலிடத்தின் வடிவமைப்பு ஒப்புதலுக்குக் காத்திருக்கப் போர்முனையில் நேரமில்லை. ஹர்ஜிந்தர் சிங்கைப் போன்ற தொழில்நுட்பர்கள் அனுமதித்தாளை அங்கே ஒதுக்கினார்கள். ஒவ்வொரு நாளும் விமானத்தைச் சோதித்துத் தம் பெயரை எழுதும் வழக்கத்தை ஒதுக்கவில்லை. வானில் செல்பவர் அடுத்த படுக்கையில் உறங்குபவர் என்னும் நிலையில் அவ்வழக்கத்தைக் கைவிட யாருக்கும் தோன்றியிராது. ஹர்ஜிந்தர் சிங் பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷலாக உயர்ந்து, 1955-இல் கான்பூரில் அமைக்கப்பட்ட பராமரிப்புக் கட்டளையகத்திற்கும் தலைமை ஏற்றார்.

சென்னை மாகாணம் இவ்வரலாற்றின் விளிம்பில் இருந்தது என்றாலும் வெளியில் இல்லை. போர் தொடங்கியபின் தன்னார்வலரைக் கொண்டு அமைக்கப்பட்ட கடற்கரைக் காவல் விமானப் பிரிவுகளுள் முதலாவது பரங்கிமலையில் இயங்கியது. பிற படையணிகள் கழித்த பழைய வாப்பிட்டிகளே அதற்குக் கிடைத்தன. பழைய விமானம் என்றால் பராமரிப்பவருக்கு இரட்டை வேலை: உதிரிப்பாகத்தைத் தேட வேண்டும், இல்லாத உதிரிப்பாகத்திற்கு மனு எழுதவும் வேண்டும். சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, சூலூர் என மாகாணமெங்கும் ஓடுதளங்கள் எழுந்தன. போர் முடிந்ததும் அவற்றுள் பல புல் முளைத்துக் கிடந்தன.

1946: எதிர்ப்பின் இலக்கு

படையணி பிறந்த அதே டிரிக் ரோட்டில் 1946 ஜனவரியில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஈடுபட்டவர்கள் ஆங்கிலேயர்களே, பெரும்பான்மையினர் தரைப் பணியாளர்கள். போர் முடிந்தும் வீடு திரும்பும் ஆணை வரவில்லை. விடுவிப்புப் பட்டியல் ஊர்ந்தது. இந்நிலையில் கம்பளிச் சீருடை அணிந்து அணிவகுத்து நிற்க வேண்டும், உடைமைகளை விரித்துவைத்துச் சோதனைக்குக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர்கள் மறுத்தார்கள். மௌரிபூர், கான்பூர் எனப் பரவிய அலை சிங்கப்பூரின் செலேட்டர் வரை சென்றது. பங்கேற்றோர் ஏறத்தாழ 50,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. பிப்ரவரியில் இந்திய வான்படையினரும் ஊதியம், உணவு, இனப் பாகுபாடு ஆகியவற்றை முன்னிறுத்திப் பல தளங்களில் பணியை நிறுத்தினர். பிப்ரவரி 18-இல் தொடங்கிய கடற்படை எழுச்சி வரலாற்றாசிரியர்களின் கவனத்தைக் கவர்ந்துகொண்டதால், விமானக் கொட்டகைகளின் எழுச்சி அதன் நிழலில் மறைந்தது.

இங்குக் கவனிக்கத்தக்கது கோரிக்கைகளின் உள்ளடக்கம். அவை விடுவிப்பு, உணவு, அணிவகுப்பு, மதிப்பு ஆகியவை பற்றியவை. விமானச் சோதனை முறையை எதிர்த்து எவரும் திரளவில்லை. உடைமைச் சோதனையும் ஒரு சோதனையே. அதற்கும் பட்டியல் உண்டு. ஒரு மனிதன் தன் காலுறைகளை எண்ணிக்காட்டுவதற்கும், விமானத்தின் திருகாணிகளை எண்ணிப்பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அப்பணியாளர்கள் அறிந்திருந்தனர். முன்னது அவர்களைப் பொருளாக்கியது. பின்னது அவர்களைப் பொறுப்பாளராக்கியது.

நொறுக்கப்பட்ட லிபரேட்டர்கள்

ஆணையைச் செய்துமுடித்துவிட்டதாக ஆவணம் சொல்ல, உலோகம் வேறொன்றைச் சொன்ன நிகழ்வு ஒன்று உண்டு. பெங்களூரில் 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1943-இல் அது அமெரிக்க வான்படையின் பொறுப்பில் 84ஆம் விமானக் கிடங்காக மாறி, கிழக்குப் போர்முனைக்கான பழுதுபார்ப்புப் பணியில் ஈடுபட்டது. ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் அங்கே தொகுதிமுறைப் பழுதுபார்ப்பைக் கற்றனர். பாகங்களுக்கு அட்டை கட்டுதல், கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குதல், பணிச்சீட்டில் நேரம் பதிதல் ஆகியவை பெங்களூர்த் தொழிற்பண்பாட்டில் ஊன்றியது இக்காலத்தில்தான்.

போர் முடிந்தபோது கான்பூரில் பிரித்தானிய வான்படையின் பி-24 லிபரேட்டர் விமானங்கள் எஞ்சின. கடன்-குத்தகை ஏற்பாட்டின்படி அவை அமெரிக்காவுக்குத் திரும்ப வேண்டும், அல்லது பயனற்றதாக்கப்பட வேண்டும். இரண்டாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. வண்டிகளை ஏற்றி உடற்பகுதியை நசுக்கினார்கள், கருவிகளை உடைத்தார்கள், இயந்திரங்களில் மணலைக் கொட்டினார்கள். விமானத்தைப் பேணப் பயிற்சி பெற்ற கைகளுக்கே விமானத்தைக் கொல்லும் ஆணை வந்தது. கணக்குப் புத்தகத்தில் அவை கழிக்கப்பட்டன.

1948-இல் அவற்றை இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழில்நுட்பர்கள் மீட்டனர். ஒன்றின் நல்ல உறுப்பை மற்றொன்றில் பூட்டி, பெங்களூர்வரை ஒருமுறை பறந்துவரும் அளவுக்குக் கான்பூரிலேயே சரிசெய்தனர். நிறுவனத்தின் தலைமை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிவந்தார். பெங்களூரில் முழுமையாகச் செப்பனிடப்பட்ட அவ்விமானங்களைக் கொண்டு 1948 நவம்பர் 2-இல் 5ஆம் படையணி உருவாயிற்று. 40-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்கள் உயிர்பெற்றன. கடைசி விமானம் ஓய்வுபெற்றது 1968-இல். அவற்றுள் சில இன்று அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் நிற்கின்றன.

இந்நிகழ்வு பெரும்பாலும் தேசியச் சாதனையாகவே எழுதப்படுகிறது. ஆவண வரலாற்றின் நோக்கில் அதற்கு வேறொரு முகம் உண்டு. கழிக்கப்பட்ட விமானம் மீண்டும் பறக்க வேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் புதிதாக ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும். பழைய பதிவேட்டின் நம்பகம் முறிந்துபோனது. பெங்களூரில் அவ்விமானங்கள் பெற்ற முதல் கையொப்பங்கள், முன்பு எவரும் ஒப்பமிட்டுச் செல்லாத நிலையிலிருந்து எழுதப்பட்டவை. அவ்வகையில் அது பொறுப்புத்தாளின் மிகத் துணிவான பயன்பாடு.

மிகையான சோதனை

பொறுப்புத்தாளையும் ஐயமின்றி ஏற்க இயலாது. இதே லிபரேட்டர் வகை விமானங்களைப் பிரித்தானியக் கடற்கரைக் கட்டளையகம் நீர்மூழ்கி வேட்டையில் ஈடுபடுத்தியபோது, மரபியலாளர்களான செசில் கார்டனும் சி.எச். வாடிங்டனும் அடங்கிய செயல்முறை ஆய்வுக்குழு பராமரிப்புப் பதிவேடுகளைப் புள்ளியியல் நோக்கில் படித்தது. திட்டமிட்ட சோதனை முடிந்த உடனடிக் காலத்தில்தான் எதிர்பாராப் பழுதுகள் மிகுந்திருந்தன. நாளாக நாளாக அவை குறைந்தன. நன்றாக இயங்கிய உறுப்பைச் சோதனைக்காகக் கழற்றிப் பூட்டியதே புதுப் பழுதுக்கு வழிவகுத்தது. வாடிங்டன் இதனை 1973-இல் வெளியான தம் நூலில் விவரித்தார். பறப்பையும் பராமரிப்பையும் இணைத்துத் திட்டமிடும் முறை இவ்வாய்விலிருந்து பிறந்தது.

இங்கு இரண்டு செய்திகள் உள்ளன. சோதனை அட்டவணை தன் காரணத்தை மறந்து தானாக ஓடத் தொடங்கினால் பாதுகாப்பே குறையும் என்பது ஒன்று. அக்குறையைக் கண்டுபிடிக்க உதவியதும் தரைப் பணியாளர் நேர்மையாக எழுதிவைத்த பதிவேடுகளே என்பது மற்றொன்று. பதிவேடு பொய்யாக இருந்திருந்தால் ஆய்வாளர்கள் எதையும் கண்டிருக்க மாட்டார்கள். ‘வேலை முடிந்தது’ என்று பார்க்காமலே ஒப்பமிடும் பழக்கம் எல்லா நாட்டு வான்படைகளும் அஞ்சும் நோய். அது சோம்பலால் மட்டும் வருவதன்று; நிறைவேற்ற இயலாத அட்டவணை மேலிருந்து திணிக்கப்படும்போதும் வருகிறது.

தரையில் நிற்கும் விமானம்

விடுதலைக்குப் பின் சிக்கலின் மையம் கையொப்பத்திலிருந்து உதிரிப்பாகத்திற்கு நகர்ந்தது. பிரித்தானிய, பிரெஞ்சு, சோவியத், உள்நாட்டு விமானங்களை ஒரே வான்படை ஒருசேரப் பேணியது. ஒவ்வொரு நாட்டின் கையேடும் தரமுறையும் பாக எண்களும் வேறு. சோவியத் ஒன்றியம் 1991-இல் சிதறியபின், ஒரே விமானத்தின் உறுப்புகளுக்காகப் பல நாடுகளை அணுக வேண்டியதாயிற்று. ஏஎன்-32 விமானத்தின் தாயகம் உக்ரைன். எனவே 2009-இல் அவ்விமானங்களை மேம்படுத்தும் ஒப்பந்தம் அந்நாட்டுடன் கையொப்பமானது. 2014-க்குப் பின் அங்கு எழுந்த போர்ச்சூழல் கான்பூர் பழுதுபார்ப்பு நிலையத்தின் பணியைத் தாமதப்படுத்தியது. இதில் கான்பூர்த் தொழில்நுட்பரின் பிழை எதுவுமில்லை.

உதிரிப்பாகம் இன்றி நிற்கும் விமானத்தை வான்படை ‘ஏஓஜி’ என்று வகைப்படுத்துகிறது. அவ்வகைக் கோரிக்கைக்கு முன்னுரிமை உண்டு. எல்லாக் கோரிக்கையும் முன்னுரிமை பெற்றால் எதற்கும் முன்னுரிமை இல்லை என்பது பண்டகசாலையில் பணியாற்றிய எவரும் அறிந்தது. இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர் 2015-இல் அளித்த அறிக்கை, சு-30 விமானங்களில் பறக்கத்தக்க நிலையில் இருந்தவை 55 முதல் 60 விழுக்காடு என்றும், இருக்க வேண்டிய அளவு 75 விழுக்காடு என்றும் சுட்டியது. உதிரிப்பாகம் இன்றி நின்றவை இக்குறைவில் பெரும்பங்கு வகித்தன.

இந்நிலையில் குழுவினர் கையாளும் வழி, நிற்கும் விமானத்தின் உறுப்பைக் கழற்றிப் பறக்கும் விமானத்தில் பூட்டுவது. லிபரேட்டர் மீட்பில் வீரமாகத் தோன்றிய அதே செயல் நாள்தோறும் நடக்கும்போது சுமையாகிறது. ஒரு முறை கழற்றிப் பூட்ட வேண்டிய இடத்தில் இரு முறை கழற்றி இரு முறை பூட்டுகிறார்கள். ஆயுள் வரம்புள்ள உறுப்பாயின் அதன் பதிவட்டையும் உடன் செல்ல வேண்டும். எந்த விமானத்தில் எத்தனை மணிநேரம் உழைத்தது என்பது அட்டையில் ஏற வேண்டும். இரு விமானங்களின் ஆவணங்களிலும் ஒப்பம் தேவை. வாடிங்டன் எச்சரித்த பழுதுக்கும் இதுவே வாய்ப்பளிக்கிறது. தில்லியில் ஒரு கோப்பு நகராததன் விலையை நள்ளிரவில் கொட்டகையில் நிற்கும் சார்ஜென்ட் தன் உழைப்பால் செலுத்துகிறார். தன் பெயராலும் செலுத்துகிறார். பூட்டியதற்குக் கையொப்பம் அவருடையது. பாகம் வாங்காததற்குக் கையொப்பம் எவருடையதும் அன்று. கோப்பில் பலர் ‘பார்த்தேன்’ என்று எழுதியிருப்பார்கள். பொறுப்பு கீழே இறங்க, அதிகாரம் மேலே ஏறும் இந்த அமைப்பே அனுமதித்தாள் குறித்த கசப்பின் வேர். ‘இம்மோல்ஸ்’ என்னும் இணையவழிப் பண்டக முறையும், ‘இ-எம்எம்எஸ்’ என்னும் மின்னணுப் பராமரிப்பு முறையும் தாளைத் திரைக்கு மாற்றின. கோரிக்கை எங்கே நிற்கிறது என்பதை இப்போது காண முடிகிறது. அது ஏன் நிற்கிறது என்பதைத் திரை சொல்வதில்லை.

கொங்கு நாட்டில் வான்படைக்கு நெடுநாளாக இரு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று சூலூரின் பழுதுபார்ப்பு நிலையம். மற்றொன்று கோவை ரெட்ஃபீல்ட்ஸில் உள்ள வான்படை நிருவாகக் கல்லூரி. திருகுச்சாவியும் கோப்பும் ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்துக் குடியேறியது தற்செயலே எனினும், ஆய்வாளருக்கு வசதியான தற்செயல்.

2016 ஜூலை 22

சூலூரின் 33ஆம் படையணியைச் சேர்ந்த கே-2743 என்னும் ஏஎன்-32 விமானம் அன்று காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டு வங்கக்கடலுக்கு மேல் மறைந்தது. அதில் 29 பேர் இருந்தனர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. செப்டம்பரில், அனைவரும் இறந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது என்று குடும்பங்களுக்குக் கடிதம் சென்றது. 2024 ஜனவரியில், தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் எடுத்த படங்களில் சிதைவுகள் தென்பட்டன. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில்.

விமானம் ஒன்று இழக்கப்பட்டால் முதலில் நடப்பது அதன் ஆவணங்களைப் பூட்டி முத்திரையிடுவதாகும். உலோகம் கடலடியில் கிடக்க, தாள்களே சாட்சியாகின்றன. கடைசியாகச் செப்பனிட்டது எப்போது, அதன்பின் பறந்த மணிநேரம் எவ்வளவு, இழப்புக்கு முந்தைய வாரங்களில் எழுதப்பட்ட கோளாறுகள் எவை, யார் சரிசெய்தார்கள் என்ற கேள்விகளுக்கு விடை அத்தாள்களில் மட்டுமே உண்டு. விபத்தின் காரணம் குறித்து ஊகிப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இங்கு நோக்க வேண்டியது கடைசியாக ஒப்பமிட்ட தொழில்நுட்பரின் நிலை. தன் பணியைச் சரியாகவே செய்தவராயினும், அவ்வொப்பத்தை எழுதிய நொடியை அவர் வாழ்நாள் முழுவதும் நினைவில் மீட்டிப் பார்ப்பார். அதே வேளையில் அவரைக் காக்கும் ஒரே அரணும் அந்த ஒப்பமே. எழுதப்படாத பணிக்கு எந்த விசாரணையிலும் இடமில்லை.

சேலத்துப் பட்டறைக்கு வரும் படிவம்

2018-19 நடுவண் நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டு வழித்தடம் 2019 ஜனவரி 20-இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்தும் அதன் கணுக்கள். இறக்குமதிப் பாகங்களை உள்நாட்டில் செய்யக்கூடியோரைத் தேட 2020 ஆகஸ்டில் ‘சிருஜன்’ இணையதளம் திறக்கப்பட்டது. இவற்றால் சேலத்துக் கடைசல் பட்டறையும் நாமக்கல் வார்ப்பகமும் விமானப் பராமரிப்புச் சங்கிலியின் கடைசிக் கண்ணியாக மாறும் வாய்ப்பு உருவாயிற்று. 1943-இல் பெங்களூர் கற்ற அட்டையும் பணிச்சீட்டும் 80 ஆண்டுகள் கடந்து தெற்கே இறங்குகின்றன.

பட்டறைக்கு வருவது பாகத்தின் வரைபடம் மட்டுமன்று. பல சோவியத் பாகங்களுக்கு வரைபடமே கிடைக்காது. மாதிரியை அளந்து, உலோகக் கலவையைப் பகுத்து, வரைபடத்தை மீட்டுருவாக்க வேண்டும். வாங்கும் உலோகத்திற்கு ஆலையின் சோதனைச் சான்று வேண்டும். வார்ப்பு எண், வெப்பப்பதன எண், தொகுதி எண் ஆகியவற்றைப் பாகம் உடன் சுமக்க வேண்டும். பெங்களூரில் உள்ள படைத்துறை வான்தகுதிச் சான்றளிப்பு மையமான ‘செமிலாக்’ வடிவமைப்பை ஏற்க வேண்டும். ‘டிஜிஏக்யூஏ’ என்னும் தர உறுதி இயக்ககம் உற்பத்தியைச் சோதிக்க வேண்டும். இதற்கான விதித்தொகுப்பு 2002-இல் வகுக்கப்பட்டு, 2021-இல் ‘இம்தார்-21’ எனத் திருத்தி அமைக்கப்பட்டது.

சிறுதொழில் உரிமையாளரின் நோக்கில் இவை அனைத்தும் ஒரே சிவப்பு நாடா. இங்கேதான் இரு தாள்களையும் பிரித்தறிய வேண்டியுள்ளது. வார்ப்பு எண்ணும் வெப்பப்பதன எண்ணும் பொறுப்புத்தாள். ஓர் உறுப்பு வானில் முறிந்தால், அதே உலோகக் கட்டியிலிருந்து பிறந்த மற்ற உறுப்புகள் எந்தெந்த விமானங்களில் உள்ளன என்பதை அவ்வெண்களே காட்டும். அவற்றைக் குறைக்கச் சொல்வது லாரிப் பட்டறையின் நம்பிக்கை முறையை வானுக்குக் கொண்டுசெல்வதாகும். மறுபுறம், சில டஜன் பாகங்களுக்கான ஆணைக்குப் பல்லாயிரம் பாகங்களுக்குரிய ஒப்பந்தப்புள்ளி விதிகள், முந்தைய அனுபவச் சான்று, சோதனைக் காலத் தாமதத்திற்கும் தண்டம் ஆகியவற்றைக் கேட்பது அனுமதித்தாள். அதனைச் சுருக்கினால் எந்த விமானமும் விழாது.

இவ்வேறுபாட்டை அரசும் ஓரளவு உணர்ந்திருப்பதற்கு, 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புக் கொள்முதல் கையேடு சான்று. விமானத்தையோ கப்பலையோ பழுதுபார்க்கத் திறந்தபின் உள்ளே புதிய பழுது தென்படுவது இயல்பு. முன்பு அக்கூடுதல் பணிக்கு மீண்டும் நிதி ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. திறந்த உடலோடு விமானம் காத்துக்கிடக்கும். புதிய கையேடு அத்தகைய கூடுதல் பணிக்கு 15 விழுக்காட்டை முன்கூட்டியே ஒதுக்க இடமளிக்கிறது. உள்நாட்டுப் பாகங்களை உருவாக்கும் கட்டத்தில் தாமதத் தண்டத்தையும் அது தளர்த்துகிறது. சோதனையிலோ கையொப்பத்திலோ தளர்வு இல்லை. கொட்டகையில் நிற்பவர் நெடுங்காலமாக அறிந்திருந்ததை ஒரு கையேடு எழுத்தில் ஏற்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

பட்டறை தன் பாகத்தைப் பெட்டியில் இட்டு அனுப்பும்போது உடன் வைக்கும் ஒத்திசைவுச் சான்றில் உரிமையாளரோ தரப் பொறுப்பாளரோ ஒப்பமிடுகிறார். அப்பாகம் ஏற்கப்பட்டு விமானத்தில் ஏறும் நாளில், அதன் பதிவட்டை வழியே அவ்வொப்பம் சார்ஜென்டின் ஒப்பத்திற்குப் பின்னால் நிற்கும் சான்றாகிறது. எஃப்.சி. நாளைத் தவிரத் தாளை அறியாத ஒரு தொழில்மரபில் வளர்ந்தவரின் பெயர், அந்த விமானம் கழிக்கப்படும்வரை அதன் ஆவணங்களில் இருக்கும்.